பெங்களூரில் வீடு, வெளிநாட்டில் கணக்கு: ரெசிடென்ட் நிலையைக் கண்டுபிடிப்பது முதல் ஷெட்யூல் எஃப்ஏ நிரப்புவது வரை

2025 நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, அல்சூர் ஏரிப் பக்கம் நண்பருடன் நடந்துகொண்டிருந்தேன். திருவள்ளுவர் சிலையைத் தாண்டும்போது அவர் போனில் வருமான வரித் துறையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. உங்களுக்கு வெளிநாட்டில் சொத்து இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, ரிட்டர்னில் அதைக் காணோம், சரிபார்த்துத் திருத்துங்கள் என்கிற மாதிரி. "நான் மலேசியாகூடப் போனதில்லை, எனக்கு ஏது வெளிநாட்டுச் சொத்து?" என்று சிரித்தார். உண்மைதான், அவர் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை கிடையாது. ஆனால் மகாதேவபுராவில் அவர் வேலை பார்ப்பது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளையில். சம்பளத்தின் ஒரு பகுதியாக ஆண்டுதோறும் தரும் ஆர்எஸ்யு என்ற கம்பெனிப் பங்குகள் அமெரிக்கப் புரோக்கர் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் டிவிடெண்ட் விழுகிறது. அதுதான் அந்த வெளிநாட்டுச் சொத்து.

அந்த வாரம் நேரடி வரிகள் வாரியம் இப்படிப் பலருக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த முதல் சுற்றில் 24,678 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்தையும் 1,089 கோடி ரூபாய் வெளிநாட்டு வருமானத்தையும் காட்டியதாக வாரியமே சொன்னது. இவர்களெல்லாம் சுவிஸ் வங்கியில் பணம் பதுக்கியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐடி வேலையில் இருப்பவர்கள், சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ திரும்பியவர்கள் என்று நம்மைப் போன்றவர்களும் இதில் வருவார்கள்.

நான் ஆடிட்டர் இல்லை. லண்டனில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு பெங்களூரு திரும்பியவன். திரும்பிய ஆண்டில் செய்த தவறுகளைச் சரிசெய்யும்போது கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பெரிய தொகை என்றால் ஆடிட்டரைப் பாருங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுப் போனால் அவர் கேட்கும் கேள்விகளுக்குக் கையில் பதில் இருக்கும்.

தகவல் எந்த வழியில் வருகிறது?

இரண்டு வழிகள். முதலாவது ஃபாட்கா. 2010இல் அமெரிக்கா போட்ட சட்டம் இது. உலகில் எங்கே அமெரிக்கர்களுக்குக் கணக்கு இருந்தாலும் அந்த வங்கி சொல்லியாக வேண்டும். இந்தியா 2015 ஜூலையில் அமெரிக்காவுடன் இதற்காக ஒப்பந்தம் செய்தது. பதிலுக்கு அமெரிக்காவும் இந்தியர்களின் கணக்குத் தகவலைத் தருகிறது, ஆனால் சமமாக அல்ல. நாம் கணக்கின் இருப்பையே கொடுக்கிறோம். அவர்கள் தருவது பெரும்பாலும் வட்டியும் டிவிடெண்டும்தான். நண்பருக்குக் குறுஞ்செய்தி வர அந்த டிவிடெண்ட் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது சிஆர்எஸ். கணக்குத் தகவலை நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள, பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடி 2014இல் உருவாக்கிய பொது முறை. இப்போது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன, அமெரிக்கா இல்லை. இந்தியா 2017 முதலும், சிங்கப்பூர், அமீரகம் போன்ற நாடுகள் 2018 முதலும் பரிமாறுகின்றன. சுவிட்சர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு முதல் தொகுப்பு 2019 செப்டம்பரில் வந்தது. இந்த முறையில் போகும் விவரம் கொஞ்சநஞ்சமல்ல. பெயர், முகவரி, பிறந்த தேதி, வரி எண், கணக்கு எண், வங்கியின் பெயர், டிசம்பர் 31 அன்று இருந்த இருப்பு, ஆண்டு முழுக்க வந்த வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற தொகை எல்லாம் போகும். நடுவில் கணக்கை மூடினால், மூடிய செய்தியும் போகும். "அக்டோபரிலேயே மூடிட்டேன், இனி யாருக்கும் தெரியாது" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் மூன்று நாள்காட்டிகள். நம் வரிக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வங்கிகள் அனுப்பும் தகவல் ஜனவரி முதல் டிசம்பர் வரை. நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்வது அதற்கு அடுத்த செப்டம்பருக்குள். அதாவது 2025ஆம் ஆண்டுக் கணக்கு 2026 செப்டம்பருக்குள் டெல்லி வந்துவிடும். ஜூலையில் நாம் ரிட்டர்ன் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும்போது அது வழியில் வந்துகொண்டிருக்கும். நவம்பரில் குறுஞ்செய்தி வருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

படி 1: முதலில் நாட்களை எண்ணுங்கள்

வரி விஷயத்தில் ரெசிடென்ட் என்பதற்கும் பாஸ்போர்ட்டின் நிறத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. இந்திய மண்ணில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதே பெரும்பாலும் முடிவு செய்யும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் ரெசிடென்ட். அது இல்லாவிட்டாலும், அந்த ஆண்டில் 60 நாளும் முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்திருந்தால் அப்போதும் ரெசிடென்ட்.

இந்த 60க்கு விலக்குகள் உண்டு. வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு, கிளம்பிய ஆண்டில் 60 என்பது 182 ஆகும். விடுமுறைக்கு வந்துபோகும் இந்தியருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அப்படியே. ஆனால் 2020இல் ஒரு திருத்தம் வந்தது. விடுமுறைக்கு வருபவரின் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அவருக்கு 182 அல்ல, 120. அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது: எந்த நாட்டிலும் வரி கட்டும் கடமை இல்லாத இந்தியக் குடிமகனுக்கு 15 லட்சத்துக்கு மேல் இந்திய வருமானம் இருந்தால், அவர் ஒரு நாள்கூட இங்கே இல்லாவிட்டாலும் ரெசிடென்ட் என்று கருதப்படுவார். துபாய் நண்பர்கள் அன்றைக்குப் பதறிப்போனார்கள். அங்கே சம்பாதிக்கும் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது என்று அரசு பிறகு விளக்கியது.

விடுமுறைக்கு வருவதும் ஊரோடு திரும்பி வருவதும் ஒன்றல்ல. பெட்டி கட்டித் திரும்பிவிட்டால் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது, 60 நாள் கணக்குதான். அடிக்கடி வந்துபோனவர்களுக்கு இது கண்ணி.

என் மச்சான் உதாரணம் சரியாக இருக்கும். 2016 ஜூனில் சிங்கப்பூர் போனவர், 2024 அக்டோபர் 20 அன்று குடும்பத்தோடு ஒயிட்ஃபீல்டுக்கு வந்தார். நடுவில் ஆண்டுக்கு சுமார் 25 நாள் மட்டும் ஊருக்கு வருவார், திரும்பிய ஆண்டில் அதுவும் வரவில்லை. அக்டோபர் 20 முதல் மார்ச் 31 வரை எண்ணினால் 163 நாள். 182 ஆகவில்லை. முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 100 நாள்தான், 365 இல்லை. ஆக 2024-25இல் அவர் நான்-ரெசிடென்ட். 

அதே ஆள் அக்டோபர் 1 அன்று இறங்கியிருந்தால்? அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை சரியாக 182 நாள், ரெசிடென்ட் ஆகியிருப்பார். அக்டோபர் 2 என்றால் 181. ஒரு நாள் வித்தியாசம். பிப்ரவரியில் 29 நாள் வரும் நிதியாண்டில் அந்தக் கோடு ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் 2027-28இல் திரும்புகிறவர் அக்டோபர் 2 அன்று இறங்கினாலும் மாட்டிக்கொள்வார். விமான டிக்கெட் போடும் முன் இதைப் பார்ப்பவர்கள் குறைவு. பிள்ளைகளின் பள்ளி அட்மிஷனைப் பார்த்துத்தான் எல்லோரும் தேதி வைக்கிறோம்.

ஆதாரம் வைத்துக்கொள்வது முக்கியம். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, எல்லாம் மின்னஞ்சலில் வருகிறது. அதனால் போர்டிங் பாஸ், டிக்கெட் மின்னஞ்சல், வந்த தேதி, போன தேதி எல்லாவற்றையும் ஓர் எக்ஸெல் தாளில் பத்து ஆண்டுக்கு வைத்திருங்கள். ஏன் பத்து என்பது அடுத்த படியில்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. அதில் முந்தைய ஆண்டு (வருமானம் வந்த ஆண்டு), மதிப்பீட்டு ஆண்டு (அதற்கு அடுத்து ரிட்டர்ன் போடும் ஆண்டு) என்ற இரண்டும் போய் வரி ஆண்டு என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. நாள் கணக்கு மாறவில்லை. 2025-26க்கான ரிட்டர்ன் இன்னும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படிதான்.

படி 2: திரும்பியவர்களுக்கு ஒரு சலுகைக் காலம்

ரெசிடென்ட் ஆனவுடனே உலகம் முழுக்க உள்ள வருமானத்துக்கும் வரி வந்துவிடுமா? வராது. நடுவில் ஆர்என்ஓஆர் என்று ஒரு நிலை இருக்கிறது, ரெசிடென்ட்தான், ஆனால் முழு ரெசிடென்ட் அல்ல. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் நான்-ரெசிடென்டாக இருந்தால், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இந்தியாவில் இருந்திருந்தால், நீங்கள் ஆர்என்ஓஆர். இரண்டில் ஒன்று போதும். (120 நாள் விதியிலும் 15 லட்ச விதியிலும் ரெசிடென்ட் ஆனவர்களும் ஆர்என்ஓஆர்தான்.)

மச்சானுக்கு 2025-26இல் கணக்குப் போட்டோம். முந்தைய ஏழு ஆண்டுகளில் 25 நாள் வீதம் ஆறு ஆண்டுக்கு 150, அதோடு 163. மொத்தம் 313. ஆர்என்ஓஆர். 2026-27இல் 125, 163, 365 சேர்த்து 653. இன்னும் 729க்குள்தான். 2027-28இல் 993 ஆகிவிடுகிறது, பத்தில் ஒன்பது என்ற கணக்கும் கைவிட்டுப் போகிறது. ஆக அவருக்கு இரண்டு ஆண்டு சலுகை, மூன்றாம் ஆண்டு முழு ரெசிடென்ட்.

இந்த இரண்டு ஆண்டுகளில் சிங்கப்பூர் வங்கி வட்டிக்கும், அங்கே உள்ள பங்குகளை விற்றால் வரும் லாபத்துக்கும் இங்கே வரியில்லை. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் அட்டவணையான ஷெட்யூல் எஃப்ஏவும் நிரப்ப வேண்டியதில்லை. விற்க வேண்டியதை விற்கவும், மூட வேண்டிய கணக்கை மூடவும் இதுதான் நேரம். நிறையப் பேர் இதைத் தூங்கியே கழித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் விழிக்கிறார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பெங்களூரில் உட்கார்ந்து வேலை செய்து வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கும் சம்பளம் இந்தியாவில் சம்பாதித்ததுதான். அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

படி 3: இரண்டு நாடும் உங்களைச் சொந்தம் கொண்டாடினால்

சிங்கப்பூருக்கு ஜனவரி-டிசம்பர், பிரிட்டனுக்கு ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5, நமக்கு ஏப்ரல்-மார்ச். அதனால் ஒரே காலத்தில் இரண்டு நாட்டிலும் ரெசிடென்ட் ஆவது சாதாரணம். அப்போது இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவைப் பார்க்க வேண்டும். நிரந்தர வீடு எங்கே? இரண்டிலும் இருந்தால் குடும்பமும் பொருளாதாரத் தொடர்பும் எங்கே நெருக்கம்? அதுவும் தெளிவில்லை என்றால் வழக்கமாக எங்கே இருக்கிறீர்கள், அப்புறம் எந்த நாட்டுக் குடிமகன் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். இதற்கு அந்த நாட்டு வரித் துறை தரும் ரெசிடென்சி சான்றிதழ் வேண்டும். அமீரகத்துடனான ஒப்பந்தத்தில், அங்கே நாள்காட்டி ஆண்டில் 183 நாள் இருந்தாலே அங்கத்திய ரெசிடென்ட். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தனியாகச் செய்ய முயல வேண்டாம். அமெரிக்கக் குடிமகனும் கிரீன் கார்டுகாரரும் பெல்லந்தூரில் வசித்தாலும் அமெரிக்காவுக்கு வரி ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

படி 4: வங்கியின் அந்த ஒரு பக்கம்

கணக்குத் திறக்கும்போதும், மியூச்சுவல் ஃபண்டில் சேரும்போதும், "இந்தியா தவிர வேறு நாட்டில் நீங்கள் வரி ரெசிடென்டா?" என்று ஒரு கட்டம் இருக்கும். நான் லண்டனிலிருந்து திரும்பிய மாதம் ஒரு வங்கிக் கிளையில் ஊழியரே 'இல்லை' என்று டிக் போட்டு, "இங்க சைன் பண்ணுங்க சார்" என்று பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். போட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஃபண்டில் நானே உண்மையை நிரப்பி, பிரிட்டன் என்று எழுதினேன். ஒரே பான் எண், இரண்டு வாக்குமூலம். ஃபோலியோ என்கிற ஃபண்ட் கணக்கு நின்றுபோய், கடிதம் எழுதி, மறுபடி கேஒய்சி செய்து, சரியாக மூன்று மாதம் ஆனது.

இந்தக் கட்டம் குடியுரிமையைக் கேட்பதில்லை. கையெழுத்துப் போடும் அன்று எந்த நாட்டின் வரிச் சட்டப்படி நீங்கள் ரெசிடென்ட் என்று கேட்கிறது. மச்சான் 2024 நவம்பரில் பெங்களூரில் கணக்குத் திறந்தபோது சரியான பதில் சிங்கப்பூர், வரி எண் அவருடைய சிங்கப்பூர் அடையாள எண்ணான எஃப்ஐஎன். 2025-26இல் நிலை மாறியதும் அந்த வங்கிக்குப் புதுப் படிவம் கொடுத்தோம். சிங்கப்பூர் வங்கிக்கும் அதேபோல இனி இந்தியா, வரி எண் பான் என்று தெரிவித்தோம். ஆதார் எண்ணை எழுதிவிடாதீர்கள், இதற்கு இந்திய வரி எண் என்றால் பான்தான். நிலை மாறினால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று பெரும்பாலான படிவங்களின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

சொல்லாமல் விட்டால்? பழைய சிங்கப்பூர் முகவரியே கணக்கில் இருப்பதால் யாருக்கும் தெரியாது என்று ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. நெட் பேங்கிங்கில் இந்திய மொபைல் எண்ணைக் கொடுத்த அன்றே அந்த வாதம் பலவீனமாகிவிடும். வேறு நாட்டுத் தொலைபேசி எண், வேறு நாட்டுக்குப் போகும் நிரந்தரப் பணப் பரிமாற்ற உத்தரவு போன்றவற்றைத் தேடிப் பார்க்கும்படி சிஆர்எஸ் முறையே வங்கிக்குச் சொல்கிறது. இந்தியப் பக்கத்திலும் 2023 முதல் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் தவறான விவரம் தந்ததால் வங்கியின் அறிக்கை தப்பானால், கணக்கு ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். அதை வங்கி உங்களிடம் வசூலிக்கலாம்.

அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்ஜாபூர் ரோட்டில் அப்படி நிறையக் குழந்தைகள் இருக்கிறார்கள். பிறந்ததால் அது அமெரிக்கக் குடிமகன். தாத்தா அதன் பேரில் போட்ட டெபாசிட்டும் ஃபாட்காவில் வரும். படிவத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் மறைக்காமல் எழுதுங்கள். குழந்தையின் கணக்குகளில் மொத்தம் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அமெரிக்க அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குத்தான்.

படி 5: என்ஆர்ஈ கணக்கை மாற்றுங்கள்

வருமான வரிச் சட்டம் வேறு, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா வேறு. இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். வரிச் சட்டம் நாட்களை எண்ணும், ஃபெமா உங்கள் நோக்கத்தைப் பார்க்கும். திரும்பி இங்கேயே இருப்பதாக வந்தால், வந்த நாளிலிருந்தே ஃபெமாபடி ரெசிடென்ட். மச்சான் 2024-25இல் வரிக்கு நான்-ரெசிடென்ட், ஆனால் அக்டோபர் 20 முதல் ஃபெமாவுக்கு ரெசிடென்ட். ஒரே ஆள், ஒரே ஆண்டு, இரண்டு நிலை.

ஆகவே திரும்பியதும், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பணமாகவே வைக்க ஆசையிருந்தால் ஆர்எஃப்சி கணக்கு திறக்கலாம். என்ஆர்ஈ வட்டிக்கு வரிவிலக்கு ஃபெமா நிலையைப் பொறுத்தது என்பதால், மாற்றாமல் விட்டாலும் விலக்கு போய்விடும். வெளிநாட்டில் இருந்தபோது இங்குள்ள வங்கியில் வெளிநாட்டுப் பணமாகப் போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டை முதிர்வு வரை விடலாம், ஆர்என்ஓஆர் காலம் வரை அதன் வட்டிக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்து அங்கே சேர்த்த சொத்தை இங்கே வந்த பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமா தடை போடவில்லை. விற்றுத்தான் ஆக வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

படி 6: ஷெட்யூல் எஃப்ஏ

முழு ரெசிடென்ட் ஆனதும் இது கட்டாயம். வெளிநாடே போகாத என் நண்பருக்கும் கட்டாயம். வருமானம் வரிக்குள் வராவிட்டாலும், சொத்து இருந்தாலே ரிட்டர்ன் போட வேண்டும். ஐடிஆர் 1, ஐடிஆர் 4 இரண்டிலும் இந்தப் பகுதியே கிடையாது. சம்பளக்காரர் என்றால் ஐடிஆர் 2, தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர் 3. நண்பர் நான்கு ஆண்டாக ஐடிஆர் 1 போட்டு வந்தார், கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது.

2025-26 நிதியாண்டு ரிட்டர்னில் காட்ட வேண்டியது 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை உங்களிடம் இருந்த சொத்து. ஏப்ரல்-மார்ச் இல்லை. வங்கிகள் அனுப்பும் தகவலோடு ஒப்பிட வசதியாக இப்படி வைத்திருக்கிறார்கள். 2026 பிப்ரவரியில் வந்த பங்கு அடுத்த ஆண்டு ரிட்டர்னுக்குப் போகும்.

அட்டவணையில் ஏ1 வங்கிக் கணக்குக்கு, ஏ2 புரோக்கரிடம் உள்ள கணக்குக்கு, ஏ3 பங்குகளுக்கு, ஏ4 பணமதிப்புள்ள காப்பீட்டுக்கு. வீடு, நிலம் தனி. உங்கள் பணம் இல்லாவிட்டாலும் கையெழுத்து அதிகாரம் இருக்கும் கணக்குக்கும் ஓர் இடம் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவின் கணக்கில் கூட்டாக உங்கள் பெயர் இருந்தால் அதையும் யோசியுங்கள்.

ஏ3தான் நேரம் பிடிக்கும். ஆர்எஸ்யு ஒவ்வொரு முறை கைக்கு வந்த தேதிக்கும் ஒரு வரி. வாங்கிய நாள் மதிப்பு, ஆண்டில் எட்டிய உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, வந்த டிவிடெண்ட், விற்றிருந்தால் விற்ற தொகை. ஒவ்வொரு மதிப்பையும் அந்தந்த நாள் ஸ்டேட் பாங்கின் டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) வாங்கும் விலையில், அதாவது வங்கி டாலரை வாங்கும் விலையில், ரூபாயாக்க வேண்டும். உச்ச மதிப்புக்கு, அந்த ஆண்டில் பங்கு எந்த நாள் உச்சம் தொட்டது என்று பார்த்து, அந்த நாள் விலையோடும் அந்த நாள் டாலர் விலையோடும் பெருக்குங்கள். அந்த விலையை வங்கி தினமும் வெளியிடுகிறது, ஆனால் பழைய தேதிகளைத் தேடுவது பெரும்பாடு. மாதக் கடைசி நாள்களையும், பங்கு கைக்கு வந்த நாள்களையும் அவ்வப்போது குறித்துவைத்தால் ஜூலையில் புலம்ப வேண்டாம். நண்பருக்கு 14 வரிகள் வந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, காபி செலவு தனி.

படி 7: வருமானத்துக்கு வரி, கட்டிய வரிக்குக் கழிவு

சொத்தை நாள்காட்டி ஆண்டுக்குக் காட்டினோம். வருமானத்தை மட்டும் ஏப்ரல்-மார்ச் கணக்கில் காட்ட வேண்டும், அதற்கு ஷெட்யூல் எஃப்எஸ்ஐ. அமெரிக்க டிவிடெண்டில், நான் அமெரிக்கர் அல்ல என்று புரோக்கருக்குத் தெரிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருந்தால் அங்கே 25 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்தது போக வந்ததை மட்டும் காட்டுவது தவறு, முழுத் தொகையையும் காட்டி, பிடித்த வரிக்குக் கழிவு கேளுங்கள். டிவிடெண்டை ரூபாயாக்க, அது வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாள் விலை. கழிவு கேட்க ஷெட்யூல் டிஆரும் படிவம் 67உம் வேண்டும். படிவத்தை ரிட்டர்னுக்கு முன்பே போர்ட்டலில் போட்டுவிடுங்கள். அந்த டபிள்யூ-8பென் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டு டிசம்பரோடு காலாவதியாகும்.

ஆர்எஸ்யு கைக்கு வந்த அன்றைய மதிப்பு சம்பளத்தோடு சேர்ந்து வரி பிடிக்கப்பட்டிருக்கும். விற்கும்போது அதற்கு மேல் உள்ள லாபத்துக்குத்தான் வரி. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம்.

அமெரிக்காவில் 401கே, பிரிட்டனிலோ கனடாவிலோ ஓய்வூதியக் கணக்கு இருந்தால் பிரிவு 89ஏ உதவும். உள்ளே சேரும் வருமானத்துக்கு ஆண்டுதோறும் வரி கட்டாமல், எடுக்கும்போது கட்டலாம். படிவம் 10ஈஈயை ரிட்டர்ன் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கையும் எஃப்ஏவில் காட்டியாக வேண்டும்.

படி 8: விட்டுப்போயிருந்தால்

குறுஞ்செய்தி வந்தால் பதறாதீர்கள், அது நோட்டீஸ் அல்ல. ஆனால் அப்படியே விடவும் வேண்டாம். லிங்க்கை அழுத்தாமல் நேராக வருமான வரிப் போர்ட்டலில் நுழைந்து பாருங்கள். இந்தப் பெயரில் மோசடிச் செய்திகளும் சுற்றுகின்றன.

திருத்திய ரிட்டர்னுக்கான கெடு முடியவில்லை என்றால் அதுவே நேர்வழி. நண்பர் 2025 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஐடிஆர் 1ஐ ஐடிஆர் 2 ஆக்கித் திருத்தினார். டிவிடெண்டுக்குக் கழிவு போகக் கொஞ்சம் வரியும் வட்டியும் கட்டினார். கெடு தாண்டிய ஆண்டுகளுக்கு அப்டேட்டட் ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம், ஆனால் கூடுதல் வரியாக முதல் ஆண்டில் 25 சதவீதமும், அடுத்தடுத்து 50, 60, 70 சதவீதமும் கட்ட வேண்டும். கருப்புப் பணச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றித் தகவல் இருப்பதாகத் துறை முறைப்படி தெரிவித்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

2015ஆம் ஆண்டு அந்தச் சட்டம் கடுமையானது. எஃப்ஏவில் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். மறைத்த வருமானத்துக்கு 30 சதவீத வரி, அதைப்போல் மூன்று மடங்கு அபராதம், வேண்டுமென்றே மறைத்ததாக நிரூபணமானால் சிறையும் உண்டு. 2024 அக்டோபர் முதல் ஒரு தளர்வு வந்தது: அசையாச் சொத்து தவிர மற்ற வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 10 லட்ச அபராதம் கிடையாது. அபராதம்தான் கிடையாது, காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

பழைய ஆண்டுகளை என்ன செய்வது என்பதை மட்டும் ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள். அவரிடம் போகும்போது நாட்கள் எண்ணிய எக்ஸெல் தாள், புரோக்கரின் ஆண்டு அறிக்கை, எல்லா வெளிநாட்டுக் கணக்கின் டிசம்பர் 31 ஸ்டேட்மென்ட், வங்கிகளுக்குக் கொடுத்த படிவங்களின் நகல் நான்கையும் எடுத்துப் போங்கள். கிரிப்டோ வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கென்று தனித் தகவல் பரிமாற்ற முறை 2027இல் தொடங்குகிறது.